சாளக்கிராமமும் அரியலூர்க் கல்லும் ஒரே பிராணியா? நிலத்தட்டு தெரிந்தவர்கள் விளக்குங்கள்

#1 எடைமேடை_குமரன்

வணக்கம். எனக்கும் புவியியலுக்கும் பத்தாம் வகுப்போடு தொடர்பு விட்டுப்போனது. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா முக்திநாத் யாத்திரை போனபோது கொண்டுவந்த சாளக்கிராமம் அங்கே பூஜைப் பெட்டியில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் திருமஞ்சனத்துக்கு எடுத்து வைத்தபோது இந்த முறைதான் உற்றுப் பார்த்தேன். எலுமிச்சை அளவு, மை போன்ற கறுப்பு. ஒரு பக்கம் வாய் திறந்தாற்போல உடைந்திருக்கிறது. உள்ளே சக்கரம் மாதிரிச் சுருள். சுருள் நெடுக நெருக்கமாக வரிவரியான மேடுகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே சுருளும் அதே வரியும் உள்ள கல் ஒன்று என் மேசை டிராயரில் கிடக்கிறது. காரை என்ற ஊர்ப் பக்கத்து ஓடையில் கிடந்ததென்று லாரி டிரைவர் ஒருவர் கொடுத்தது. நிறம்தான் வேறு, வெளிறிய பழுப்பு.

ஒன்று 3,700 மீட்டருக்கு மேலே உள்ள முக்திநாத் பக்கத்து ஆற்றிலிருந்து வந்தது. மற்றது நம்ம ஊர்ச் சமவெளியில் கிடைத்தது. இரண்டும் ஒன்றா? கடல் பிராணி என்கிறார்களே, அது எப்படி இமயமலைக்கு ஏறியது?

#2 சார்னோக்கைட்

குமரன் தம்பி, முதலில் உங்கள் கண்ணுக்கு என் பாராட்டு. நிலப்படம் வரையும் வேலையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன்.

இரண்டும் அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம், சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து கடலில் நீந்திய பிராணி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த அதே காலத்தில் இவையும் பூண்டோடு அற்றுப்போயின.

ஆனால் உங்கள் இரண்டு கல்லும் ஒரே கடலில் வாழ்ந்தவை இல்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

சாளக்கிராமம் ஏறத்தாழ 15 கோடி ஆண்டு பழையது. அப்போது இந்தியா ஆசியாவில் இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு பூமியின் தென்பாதியில் கிடந்தது. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நம் மத்திய இந்தியக் கோண்டு மக்களின் நாட்டுப் பெயர்தான் அது. அதற்கு வடக்கே டெத்திஸ் என்றொரு கடல். இந்தியாவின் வடகரையை ஒட்டிய அந்தக் கடலடிச் சேற்றில் புதைந்ததுதான் உங்கள் பாட்டி வீட்டுச் சக்கரம்.

காரைக் கல்லுக்கு வயது சுமார் 10 கோடி. இதற்கிடையில் ஒரு பெரிய காரியம் நடந்துவிட்டது. 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் இருந்த பக்கத்திலிருந்து இந்தியா பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பிய்ந்த ஓரம்தான் நம் கிழக்குக் கரை. துணி கிழிந்தால் ஓரம் நேராகவா இருக்கும்? இழை இழையாகத் தொங்கும். அப்படி ஓரத்து நிலம் துண்டு துண்டாக உடைந்து கீழே இறங்கிப் பள்ளங்கள் விழுந்தன. பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. காவிரிப் படுகை என்று இன்று சொல்வது அதைத்தான். உங்கள் எடைமேடையில் ஏறும் சுண்ணாம்புக்கல், நரிமணத்தில் எடுக்கும் எண்ணெய், சாத்தனூரில் படுத்திருக்கும் 18 மீட்டர்க் கல்மரம், எல்லாம் அந்தப் பள்ளத்தில் சேர்ந்தவைதான்.

ஆக, பாட்டியிடம் இருப்பது மூடிப்போன கடலின் பிராணி. உங்கள் டிராயரில் இருப்பது அப்போதுதான் திறந்த கடலின் பிராணி. ஒரே நிலத்தட்டின், அதாவது ஒன்றாக நகரும் பெரும் பாறைத் துண்டின், முன்பக்கமும் பின்பக்கமும்.

மேலே எப்படி ஏறியது என்றால்: சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரையும் விட்டுவிட்டு இந்தியா தனியாக வடக்கே ஓடியது. உச்ச வேகத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல். கண்டங்களுக்கு அது தலைதெறிக்கும் வேகம். டெத்திஸ் கடலடி முழுவதும் ஆசியாவுக்கு அடியில் போய்விட்டது. 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலங்களும் முட்டின. நடுவே, இந்தியாவின் வடகரையை ஒட்டிக் கிடந்த கடலடிப் படிவுகள் போக இடமில்லாமல் மடிந்து, உரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே வந்தன. எவரெஸ்ட்டின் உச்சிப் பாறையே சுண்ணாம்புக்கல்தான். அதில் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிர்களின் ஓட்டுத் துணுக்குகள் இருக்கின்றன. 8,848 மீட்டர் உயரத்தில்.

#3 பரிமளா_டீச்சர்

ஐயா, கோர்வையாகச் சொன்னதற்கு நன்றி. ஒரு சந்தேகம். "தட்டுகள் எரிமலைக் குழம்பின்மேல் மிதக்கின்றன" என்றுதான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாலில் ஆடை மிதப்பதுபோல என்று உதாரணமும் சொல்வேன். நேற்று ஒரு பையன் கேட்டான்: "கீழே எல்லாம் குழம்பா இருந்தா, எங்க தோண்டினாலும் எரிமலை வரணுமே மிஸ்?" என்னிடம் பதில் இல்லை.

#4 சார்னோக்கைட்

அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள் டீச்சர். அவன் கேட்டது சரி. கீழே குழம்புக் கடல் எதுவும் இல்லை.

மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம், கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும், திடப் பாறை. நிலநடுக்க அலைகளில் திரவத்துக்குள் போகவே முடியாத ஒரு வகை உண்டு. அது கவசத்துக்குள் தாராளமாகப் போய்வருகிறது. குழம்பு உண்டாவது சில இடங்களில், சில ஆழங்களில், கொஞ்சமாக மட்டும்.

திடப்பொருள் எப்படி நகரும் என்று கேட்பான். சாலை போடும் இடத்தில் சாய்ந்து கிடக்கும் தார் டிரம்மைக் காட்டுங்கள். தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரிச் சில்லாகத் தெறிக்கும். அதே தார், டிரம் சாய்ந்து இரண்டு மாதம் கிடந்தால் வாய்வழியே நாக்கை நீட்டித் தரையில் வழிந்திருக்கும். சட்டென்று அடித்தால் திடம், காத்திருந்தால் ஓட்டம். கவசப் பாறையும் அப்படித்தான், என்ன, மாதங்களுக்குப் பதில் லட்சம் லட்சம் ஆண்டுகள். பால் ஆடையை விட்டுவிட்டுத் தாரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தட்டைக் கீழிருந்து யாரோ தள்ளுவதாகத்தான் படங்களில் அம்புக்குறி போடுவார்கள். பெரிய விசை இழுவையிலிருந்து வருகிறது. பழைய கடலடி ஆறிக் குளிர்ந்து கனத்துப்போகிறது. ஓரத்தில் அது கீழே இறங்கும்போது பின்னால் உள்ள தட்டு முழுவதையும் சேர்த்து இழுக்கிறது. மேசை விரிப்பின் ஒரு பக்கம் அதிகமாகத் தொங்கினால் மொத்த விரிப்பும் சரிவதுபோல. இந்தியாவை வடக்கே இழுத்ததிலும் முழுகிக்கொண்டிருந்த டெத்திஸ் கடலடிக்குப் பெரும்பங்கு உண்டு.

#5 ஏன்_கேட்கிறேன்

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 10 கோடி, 5 கோடி என்று அடுக்குகிறீர்களே, யார் போய்ப் பார்த்தது? ஓரங்கள் பொருந்துகின்றன என்பதற்காக நிலம் நகர்ந்தது என்று சொல்லிவிட முடியுமா?

#6 திசைமானி

இந்தச் சந்தேகம் பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கே இருந்ததுதான் நண்பரே. ஆல்ஃபிரட் வெகனர் 1912-ல் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது அவரிடம் பொருந்தும் ஓரங்கள் இருந்தன, ஒரே மாதிரிப் புதைபடிவங்கள் இருந்தன. எது நகர்த்துகிறது என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளும்படியான பதில் இல்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோது பெரும்பாலானவர்கள் நம்பவில்லை.

மனம் மாற வைத்தவற்றில் ஒன்று நம் தக்காணத்துப் பாறை. நான் புனேயில் படிக்கிறேன். இங்கே எங்கு பார்த்தாலும் அந்தக் கறுப்பு எரிமலைப் பாறைதான். குழம்பு ஆறி இறுகும்போது அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் அப்போதைய பூமியின் காந்தத் திசையில் உறைந்துபோகின்றன. காந்த ஊசி வெறும் வடக்கு தெற்கு மட்டும் காட்டாது. நடுக்கோட்டருகே தரைக்குக் கிடையாக நிற்கும், துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகச் சாயும். ஆகவே பாறைக்குள் உறைந்திருக்கும் சாய்வை அளந்தால் அந்தக் குழம்பு எந்த அட்சரேகையில் ஆறியது என்று கணக்கிடலாம்.

1950களில் தக்காணப் பாறையை அளந்து பார்த்தபோது அது நடுக்கோட்டுக்குத் தெற்கே, ஏறக்குறைய 30 பாகையில் ஆறியதென்று வந்தது. இன்று அதே பாறை வடக்கே 18, 19 பாகையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கல்லின் சிறு உருளையைக் கருவியில் வைத்து நானே ஒருமுறை அளந்தேன். திரையில் சாய்வு எண் வந்து நின்றபோது கை சில்லிட்டது. நான் நின்ற தரை நடுக்கோட்டைத் தாண்டி வந்தது என்பதை அந்தக் கல் எண்ணாகவே சொல்லிவிட்டது.

இப்போது ஊகிக்கவும் தேவையில்லை. ஜிபிஎஸ் நேரடியாகக் காட்டுகிறது. இந்தியத் தட்டு வடகிழக்காக ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதே வேகம் என்று வைத்தால் கோயில் சுமார் 50 மீட்டர் நகர்ந்திருக்கிறது. விமானத்தின் உயரத்தைவிடச் சற்றுக் குறைவு.

#7 ஏன்_கேட்கிறேன்

ஒப்புக்கொள்கிறேன். பெரிய கோயில் கணக்கை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

#8 தென்திசை

குமரிக்கண்டம் பற்றி யாரும் பேசவில்லையே? மொரீஷியஸுக்கு அடியில் முழுகிய கண்டத்துண்டு கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்ததே. நம் முன்னோர் சொன்ன கடல்கோளை அறிவியல் உறுதிப்படுத்திவிட்டது என்றுதானே அர்த்தம்?

#9 சார்னோக்கைட்

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. கடல்கோள் நினைவு நம் மரபில் ஆழமாகப் பதிந்த ஒன்று. அதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இங்கே ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

மொரீஷியஸ் செய்தி உண்மை. அந்தத் தீவு 90 லட்சம் ஆண்டுக்குள் உண்டான எரிமலைத் தீவு. அங்கே 2013-ல் கடற்கரை மணலிலும் 2017-ல் பாறைக்குள்ளேயும் ஜிர்கான் என்ற கனிமத்தின் மிகப் பழைய மணிகள் கிடைத்ததாக எழுதினார்கள். சில 300 கோடி ஆண்டு வரை பழையவை. அடியில் ஒரு கண்டத்துண்டு இருக்கிறது, குழம்பு மேலே வரும்போது அதிலிருந்து வாரிக்கொண்டு வந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் அது மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவே பிய்ந்தது 8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். மனித இனத்துக்கு வயதே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அங்கே யாரும் தமிழ் பேசியிருக்க முடியாது.

லெமூரியா வேறு கதை. மடகாஸ்கரில் வாழும் லெமூர் விலங்குகளின் உறவு இந்தியப் பக்கமும் தெரிகிறதே என்று யோசித்து, நடுவே ஒரு நிலம் இருந்து முழுகியிருக்கும் என 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார் சொன்னார். நிலங்களே நகரும் என்று தெரிந்த பிறகு அந்தப் பாலம் தேவைப்படவில்லை. கண்டப் பாறை கடலடிப் பாறையைவிட எடை குறைந்தது. பெருங்கண்டம் அப்படியே ஆழ்கடலுக்குள் முழுகாது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் தரை, பிளவுகளில் புதிதாகப் பிறந்த எரிமலைப் பாறை.

மூன்றாவதுதான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது. 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு விடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை முழுக்க நிலம். குமரிக்குத் தெற்கே மீன்பிடிக்கும் ஆழங்குறைந்த திட்டிலும் ஒரு பகுதி வெளியே தெரிந்திருக்கும். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. அதைக் கண்ணால் பார்த்த மனிதர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். அந்தக் கடல்கோளுக்குத் தட்டு நகர்வு காரணமில்லை, பனி உருகியதுதான் காரணம்.

#10 தென்திசை

மூன்றையும் பிரித்துச் சொன்னதற்கு நன்றி ஐயா. பாக் நீரிணை பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.

#11 இல்லம்_தேடி

இரத்தினபுரியில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் மாணிக்கக் கல் கிடைக்கிற சரளை மண் படைக்கு "இல்லம்" என்றுதான் பேர். அப்பா குழிக்குள்ள இறங்கி வட்டிலில அரிச்சவர். நான் இப்ப கல் வாங்கி விக்கிறன்.

எங்கட ஆக்கள் கனபேர் மடகாஸ்கரில இலாக்காக்கா என்ற ஊருக்கு நீலக்கல் வாங்கப் போறவை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அங்க போய் வந்து சொன்னது: "கல்லைக் கையில எடுத்தா எங்கட கல்லா அவங்கட கல்லா எண்டு சொல்லேலாது." நான் அதை வியாபாரப் பேச்செண்டு நினைச்சன். கோண்டுவானா எண்டு இங்க வாசிச்ச பிறகுதான் யோசிக்கிறன். இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்திலயே இருந்தது?

#12 சார்னோக்கைட்

பக்கத்தில்தான் இருந்தன. 55 கோடி ஆண்டுகள் வாக்கில் கோண்டுவானாவின் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தபோது, இன்றைய இமயம்போல ஒரு மலைத்தொடர் அங்கே எழுந்தது. அதன் அடிவயிற்றில், பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில், வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்த பாறைகளில்தான் உங்கள் நீலக்கல்லும் மடகாஸ்கர் நீலக்கல்லும் விளைந்தன. மேலே இருந்த மலை மழையிலும் ஆற்றிலும் கரைந்துபோயிற்று, அடிவயிறு வெளியே வந்தது. நீங்கள் அரிக்கும் இல்லம், அந்த அடிவயிற்றின் தூள். தென் தமிழ்நாட்டுப் பாறைகளிலும் கிழக்கு அண்டார்டிகாவின் ஒரு பகுதியிலும் அதே சூட்டின் தடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது வியாபாரப் பேச்சில்லை.

#13 கோவை_நடையன்

அப்படியானால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் மோதலில் எழுந்த மடிப்பு மலைதானே? வெள்ளியங்கிரி ஏறும்போது பார்த்தால் அவ்வளவு செங்குத்து.

#14 திசைமானி

இல்லைங்க. இமயம் முட்டிய ஓரம், மேற்குத் தொடர்ச்சி பிய்ந்த ஓரம். மடகாஸ்கரும் பிறகு செஷல்ஸும் பிரிந்தபோது மேற்கு ஓரம் உயர்ந்து நின்றது. கடல் பக்கம் செங்குத்துச் சரிவு, உள்நாட்டுப் பக்கம் மெல்லச் சாயும் பீடபூமி. பாறை கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு, சரிவு அதைவிட ரொம்ப இளசு.

இதற்குச் சாட்சி காவிரி. தலைக்காவிரியில் 1,200 மீட்டர் உயரத்தில் பிறக்கிறாள். மேற்கே அரபிக்கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் முதுகைக் காட்டிக்கொண்டு 800 கிலோமீட்டர் கிழக்கே நடந்து பூம்புகாரில் கடல் சேர்கிறாள். நிலம் சாய்ந்திருப்பது அந்தப் பக்கம். டெல்டா கிழக்கே இருப்பதும் தஞ்சாவூர் நெல் விளைவதும் அந்தச் சாய்வால்தான்.

#15 கோவை_நடையன்

இருபது வருடமாக அந்த மலைகளில் நடக்கிறேன். இது தெரியாமலே நடந்திருக்கிறேன். நன்றி தம்பி.

#16 தேவனாம்பட்டினம்_செல்வம்

கடலூர்க்காரன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

2004 டிசம்பர் 26 எனக்குப் பதினாலு வயசு. ஞாயிற்றுக்கிழமை. காலையில் எட்டரை ஒன்பது மணி இருக்கும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தோம். கடல் சத்தம் மாறியது. அதைத்தான் அப்பா முதலில் கவனித்தார். "ஓடுடா" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் நீலமாக இல்லை, கறுப்பாக, சேறாக வந்தது. எங்கள் தெருவில் பதினோரு பேர் திரும்பி வரவில்லை. சுனாமி என்ற சொல்லே அன்று மத்தியானம்தான் எங்களுக்குத் தெரியும்.

என் கேள்வி இது. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் என்றார்கள். சென்னையில் கட்டடம் ஆடியது. ஊரே மேட்டுக்கு ஓடினோம். அலை வரவே இல்லை. ஏன்? அடுத்த முறை எதை நம்புவது?

#17 சார்னோக்கைட்

செல்வம், உங்கள் பதினோரு பேருக்கும் என் அஞ்சலி.

2004-ல் நடந்தது இது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை நம் தட்டு கிழக்கே உள்ள தட்டுக்கு அடியில் நுழைகிறது. சந்திப்பில் இரண்டும் கவ்விக்கொண்டு நிற்கும். கீழே போகும் தட்டு மேல்தட்டின் ஓரத்தையும் சேர்த்துக் கீழே வளைத்துக்கொண்டே போகும், நூறு நூறு ஆண்டுகளாக. மூங்கில் கழியை வளைத்துப் பிடித்தால் கை தளரும் நேரத்தில் என்ன ஆகும்? அன்று காலை 6.28-க்குப் பிடி விட்டது. 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, பத்து நிமிடத்துக்குள், கடலடி மேலே எகிறியது. அதன் தலைமேல் நின்ற தண்ணீர் மொத்தமும் எழும்பியது. அளவு 9.1.

2012-ல் உடைந்தது தட்டின் ஓரம் இல்லை, கடல் நடுவே தட்டின் உடம்பு. இரண்டு பக்கமும் கிடையாக உரசி விலகின. கடலடி பக்கவாட்டில் போனது, மேலே எகிறவில்லை. தாம்பாளத்துத் தண்ணீருக்கு அடியில் கையைத் தட்டையாக நகர்த்தினால் பெரிதாக அலை எழாது, கையை மேலே தூக்கினால் எழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கரையில் நிற்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே நீங்கள் 2012-ல் ஓடியது சரி. அடுத்த முறையும் ஓடுங்கள். அலை வராமல் போனால் அரைநாள் வேலைதான் நட்டம்.

2004 நிலத்தையும் மாற்றியது. அந்தமானின் வடமேற்குக் கரையில் பவளப்பாறைத் திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்தன. நிக்கோபாரின் தெற்குக் கோடியில் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கியது, கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. 1819-ல் கட்ச் பகுதியில் ஒரே நிலநடுக்கத்தில் 80 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மண்மேடு எழுந்து ஆற்றின் கிளையை மறித்தது. அல்லா பந்து, கடவுள் கட்டிய அணை, என்று அங்குள்ள மக்கள் பெயர் வைத்தார்கள். மலை எழுவதற்குக் கோடி ஆண்டு ஆகிறது, ஆனால் அது எழுவது இப்படிச் சில நிமிடங்கள் சில நிமிடங்களாகத்தான்.

இன்னொன்று உங்கள் கடல் பற்றி. இமயத்தை ஆறுகள் அரித்துக் கொண்டுவரும் மண் வங்காள விரிகுடாவின் அடியில் விசிறிபோலப் பரந்து கிடக்கிறது. 3,000 கிலோமீட்டர் நீளம், இலங்கைக்கும் தெற்கே போகிறது. நீங்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது உங்கள் படகுக்கு அடியில் இருப்பது கரைந்த இமயமலை.

#18 பரிமளா_டீச்சர்

செல்வம் தம்பி எழுதியதையும் ஐயா சொன்ன பதிலையும் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன். அனுமதி உண்டா?

#19 தேவனாம்பட்டினம்_செல்வம்

வாசியுங்கள் மேடம். அப்பா சொன்ன ஒரு சொல்லையும் சேர்த்து.

#20 எடைமேடை_குமரன்

இன்றைக்கு என் கல்லை வெயிலில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஓடு உரிந்த இடத்தில் கொத்தமல்லி இலை ஓரம் மாதிரி நெளிநெளியான கோடுகள் ஓடுகின்றன. இது என்ன ஐயா?

நேற்று அந்தக் கல்லை ஸ்ரீரங்கம் எடுத்துப்போய்ப் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கடப்படுவாளோ என்று பயந்தேன். கல்லை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். "பெருமாள் கடல்ல இருந்துதானேடா வந்தார்" என்றாள். பூஜைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில், ஜன்னல் மாடத்தில் இடம் கொடுத்திருக்கிறாள்.

#21 சார்னோக்கைட்

அந்தக் கோடுகள் ஓட்டின் உள்ளறைச் சுவர்கள் வெளியோட்டைத் தொட்ட இடங்கள். இனத்துக்கு இனம் மாறும். கொத்தமல்லி இலைபோல் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அம்மோனைட்தான். சாளக்கிராமத்தின் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஓடு உரிந்த இடம் இருந்தால் அதிலும் தெரியலாம்.

டீச்சர், பிள்ளைகளைக் காரைக்கு அழைத்துப் போவதாக இருந்தால் மழைக்குப் பிறகு போங்கள். ஓடைகள் புதிதாக அரித்திருக்கும். பார்க்கட்டும், வரையட்டும், கல்லை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும்.

#22 எடைமேடை_குமரன்

டீச்சர், தேதி சொல்லுங்கள். எனக்கு ஞாயிறு விடுமுறை. அந்த ஓடைக்கு வழி காட்ட நான் வருகிறேன், லாரி டிரைவர் அண்ணனையும் கூட்டி வருகிறேன்.